கடலில்லாத ஊருக்கு வந்த ஆட்டோபைலட்

கடலே இல்லாத தென்காசியில் உட்கார்ந்துகொண்டு போட்டுச் சாமான், அதாவது படகுச் சாமான், ரிப்பேர் பார்க்கிற என்னை, பார்த்தவுடன் நம்பிய வாடிக்கையாளர் இதுவரை ஒருவரும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொல்லம் துறைமுகத்தில் இதே வேலையில் இருந்தேன். இங்கே வந்த பிறகும் பழைய பழக்கத்தில் அங்கிருந்து பெட்டிகள் ரயிலேறி என்னைத் தேடி வருகின்றன. டிவி, மோட்டார், இன்வெர்ட்டர் என்று எதையாவது திறந்து மூடிப் பிழைக்கும் சக பாவப்பட்டவர்களே, "உள்ள என்னத்தக் கழத்துனாளோ" என்ற அந்தப் பார்வையை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். போன சாரல் சமயத்தில் வந்த ஒரு பெட்டி, அதை எனக்கு நாலா பக்கமிருந்தும் வாங்கிக் கொடுத்தது.

உள்ள யாரு இருக்கா?

பெட்டியைக் கொண்டுவந்தவர் அருள்ராஜ் அண்ணாச்சி. வாசுதேவநல்லூரில் உரக்கடை. கொல்லத்தில் ஒரு பழைய மீன்பிடி போட்டு வாங்கி, ஓட்டுவதற்கு ஆள் போட்டிருக்கிறார். கடைக்குள் வந்தவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ள யாரு இருக்கா?" என்றார். "யாரும் இல்ல அண்ணாச்சி. நான்தான் ரிப்பேர் பாக்கேன்" என்றேன். பையை மேஜையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பைக்குள் இருந்தது ஆட்டோபைலட். எந்தத் திசை என்று சொல்லிவிட்டால், போட்டின் சுக்கானைத் தானே திருப்பி நேராகக் கொண்டுபோகும் பெட்டி. ஏதோ வெளிநாட்டுக் கப்பலிலிருந்து கழற்றி, இந்தப் போட்டில் மாட்டிய பழைய சரக்கு. கூடவே அதன் வேக சென்சார். போட்டுக்கு அடியில் தண்ணீரில் நிற்கும் சின்னப் பல்சக்கரம் அது. தண்ணீர் ஓட ஓட அது சுற்றி, எவ்வளவு வேகம் என்று பெட்டிக்குச் சொல்லும்.

"போட்டு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவுதும்மா. கேட்டா மிஷின் மேல பழியப் போடுதான், ஓட்டுதவன். அவன் குடிச்சிட்டு ஓட்டுதான்னு எனக்குத் தெரியும். மிஷின் நல்லாருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், அவன அனுப்பிருவேன்" என்றார். அரை மனதோடு பையைக் கொடுத்தவர், போகுமுன் போனை எடுத்துப் பெட்டியின் ஒவ்வொரு திருகாணியையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க மேல சந்தேகம்னு இல்லம்மா. யாரு மேலயும் நம்பிக்க இல்ல, அவ்வளவுதான்."

குடிக்காதவரின் வாய்

மறுநாள் கொல்லம் ரயிலில் சசி வந்து இறங்கினார். போட்டை ஓட்டும் ஸ்ராங்கு அவர்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே, "முதலாளி சொல்லச் சொன்னதத்தான் நீங்க சொல்லுவீங்களா சேச்சி?" என்று கேட்டார். நான் இன்னும் பெட்டியைத் திறக்கவே இல்லை என்றேன். நம்பாமல், திருகாணிகளைக் குனிந்து பார்த்தார்.

அவர் சொன்ன கதை இது. மீனோடு துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஆட்டோபைலட் திடீரென்று சுக்கானை ஒரே வெட்டாக வெட்டிவிட்டது. பக்கத்தில் வந்த போட்டின் மூக்குக்குக் குறுக்கே இவர்கள் போய் நின்றார்கள். அந்தப் போட்டில் ஒரு தகப்பனும் மகனும் முன்னால் உட்கார்ந்து வலை மடித்துக்கொண்டிருந்தார்கள். சசி பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியதில் நூலிழையில் தப்பித்தது. ஆனால் அங்கிருந்து ஒருவர், இவர்கள் போட்டுக்குப் பின்னால் தண்ணீரில் விழுந்த கோணல்மாணல் தடத்தை வீடியோ எடுத்துத் துறைமுகத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். 'குடிகார ஸ்ராங்கு' என்று தலைப்பு. வேறு எந்தப் போட்டிலும் இனி இவரை ஏற்ற மாட்டார்கள்.

பேசும்போது ஏலக்காயை மென்றுகொண்டே இருந்தார். வாயில் ஏலக்காய் எதற்கு என்று எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது, வெளியே சொல்லவில்லை. அவருக்கே புரிந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மகள் பொறந்த பின்ன ஞான் தொட்டதில்ல சேச்சி. இப்ப வீட்டுல கேறும்போ, பெண்டாட்டி பக்கத்துல வந்து வாய மணத்திப் பாக்குறா."

மேஜையில் நல்ல பிள்ளை

பெட்டியைத் திறந்தேன். சர்க்கியூட் போர்டு சுத்தமாக இருந்தது. திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒழுங்காகக் காட்டியது. சென்சாரின் சக்கரத்தை விரலால் சுற்றினால் வேகம் ஏறியது, விட்டால் இறங்கியது. வயரை இழுத்தேன், மடக்கினேன், சூடு காட்டினேன். ஒரு குறையும் இல்லை. கொல்லத்தில் என் பழைய சகாக்கள் இரண்டு பேர் ஏற்கெனவே இதைப் பார்த்து 'ஓகே' சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ரிப்பேர்க்காரர்களுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. சாமான் வீட்டில் கெட்டுப் போயிருக்கும், நம் மேஜைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். இங்கே என் ஒரு வார்த்தையில் ஒருவருடைய பிழைப்பு தொங்கியது. ஏலக்காய் வேறு நினைவுக்கு வந்தது. இருந்தாலும், பாம்பு மாதிரி வளைவது என்பது என்னை உறுத்தியது. போட்டு மெதுவாகப் போனால் சுக்கானை அதிகமாகத் திருப்ப வேண்டும். வேகமாகப் போனால் கொஞ்சம் தொட்டால் போதும். வேகமாக ஓடும் போட்டை 'நிற்கிறது' என்று சென்சார் தப்பாகச் சொன்னால், ஆட்டோபைலட் சுக்கானை முழுக்க ஒடிக்கும். அப்போது போட்டு பாம்பாகத்தான் போகும், ஓட்டுகிறவர் பச்சைத்தண்ணீர் குடித்திருந்தாலும்.

அண்ணாச்சி போனில் வந்தார். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை, ஆனால் தண்ணீரில் வைத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றேன். அதற்கு அவர் கேட்டார்: "அந்தப் பய அங்கன வந்துட்டுப் போனானாமே, உண்மையா?"

தண்ணீரில் கரண்ட்

கடலுக்கு எங்கே போவது? குற்றாலத்துக்குப் போனேன். சீசன் தண்ணீர், அருவியில் விழுந்து இறங்கி வாய்க்காலில் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஒரு சிறு பாலத்துக்குக் கீழே இடம் பிடித்தோம். என் வீட்டுக்காரர் முருகன் ஸ்கூட்டரில் பேட்டரியை வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு வேலை குடை பிடிப்பது. நான் சென்சாரை ஒரு கம்பில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன். சக்கரம் சுற்றியது, பெட்டியில் வேகம் நிலையாக நின்றது.

பாலத்தின் மேலே ஆள் கூடிவிட்டது. பேட்டரி, வயர், தண்ணீர். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்தார். "தண்ணில கரண்ட் விட்டு மீன் பிடிக்கியளோ?" என்று முருகனைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் இவதான்" என்றார் என் கணவர். இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு எந்தப் போலீஸ்காரருக்கும் சந்தேகம் கூடத்தான் செய்யும். நான் ஆட்டோபைலட் என்றேன், சென்சார் என்றேன், போட்டு என்றேன். "போட்டு எங்க இருக்கு?" என்றார். "கொல்லத்துல" என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

சாரல் விழுந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் மூட்டை கட்டலாமா என்று நினைத்தபோது, எண் ஒருமுறை நடுங்கியது. அப்புறம் பூஜ்யத்துக்கு விழுந்தது. குனிந்து பார்த்தேன், தண்ணீருக்குள் சக்கரம் முன்போலவே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உடம்பில் மயிரிழை போல ஒரு விரிசல். தண்ணீர் மெல்ல மெல்ல அதற்குள் கசிந்த பிறகுதான் கோளாறு வருகிறது. கழற்றிக் காயவைத்தால் சரியாகிவிடுகிறது. கழற்றாமல் இதை யாரும் பார்த்ததில்லை. நான் சிரிப்பதைப் பார்த்துப் போலீஸ்காரர் எழுந்தார்: "கெட்டுப்போனதுக்கு எதுக்கும்மா இவ்வளவு சந்தோசம்?"

யார் உடைத்தது?

விரிசலைப் போனில் சொன்னேன். அண்ணாச்சி நம்பவில்லை, நேரில் காட்டச் சொன்னார். சசியையும் வரச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வாய்க்கால் கரையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். முதல்முறை எண் பூஜ்யமானபோது, "நீங்க எதையோ அமுக்குனீங்க" என்றார் அண்ணாச்சி. காயவைத்து, கம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். பல் தந்தியடித்தது, விடவில்லை. மறுபடியும் எண் விழுந்தது. அப்போதும் அவர் வாயிலிருந்து வந்தது, "இத எவன் உடைச்சான்?" என்பதுதான். பார்வை சசி மேல் இருந்தது.

சசி சென்சாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தலைப்பக்கம் சுத்தியல் பட்ட தழும்பு. "இது கடல்ல விழுந்த அடியில்ல முதலாளி. கரையில வச்சு யாரோ தட்டியிருக்காங்க" என்றார். அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்டுக் கேட்டு வாங்கியதில் தெரிந்தது இது: போட்டு வாங்கின புதிதில், விற்றவன் டூப்ளிகேட் சென்சார் மாட்டி ஏமாற்றிவிட்டானோ என்று சந்தேகம் வந்து, அது கழறாமல் அடம் பிடித்ததால் அவரே சுத்தியலால் தட்டி வெளியே எடுத்திருக்கிறார்.

கரையேறும்போது சசி எல்லாருக்கும் ஆளுக்கொரு ஏலக்காய் கொடுத்தார். இது என்ன பழக்கம் என்று கடைசியில் கேட்டேவிட்டேன். பீடியை விட்டதிலிருந்து வந்த பழக்கம் என்றார். அண்ணாச்சி ஏலக்காயை மோந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மன்னிப்பு மாதிரி எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு வந்த பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "ஒரிஜினலான்னு பாக்கணும்லா, அதான் தட்டுனேன்."

கையை எடுத்த ஸ்ராங்கு

புது சென்சார் வரவழைத்து, மாட்டுவதற்கு நானே கொல்லம் போனேன், அண்ணாச்சியும் கூட வந்தார். துறைமுகத்தைத் தாண்டியதும் சசி ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கைகள் இரண்டையும் அண்ணாச்சிக்குத் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார். போட்டு போனது. பின்னால் தண்ணீரில் தடம் கோடு கிழித்ததுபோல நீண்டது. "சேச்சி, ஒரு வீடியோ எடுப்பீங்களா?" என்று போனை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். துறைமுக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன்; முதலில் மனைவிக்கு அனுப்பினார். பதில் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி மட்டும் பின்பக்கம் உட்கார்ந்து, தடம் எங்காவது வளைகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். வளையவே இல்லை. இறங்குமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "மிஷினே ஓட்டுதுன்னா, இவன் எதுக்கும்மா அங்கன உக்காந்திருக்கான்?"

சசி இன்னும் அதே போட்டில்தான் இருக்கிறார், சென்சாரும் ஒழுங்காக ஓடுகிறது, அண்ணாச்சிதான் வாராவாரம் எனக்குப் போன் போட்டு அது ஏன் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.