எங்கள் பசுவுக்குச் சொன்ன நியாயம்

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம். அப்போது மகள் பிறந்து மூன்றாவது மாதம். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. வீட்டில் நானும் மாமியாரும் குழந்தையும், பின்பக்கம் ஒரு பசுவும்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. காலையும் மாலையும் தவறாமல் வாயில் வைத்து மருந்தை இழுக்க ஒரு பிரவுன் பம்ப், மூச்சு முட்டினால் மட்டும் இழுக்க ஒரு நீலப் பம்ப். பிள்ளை வயிற்றில் இருந்தபோதுகூட இரண்டையும் விடவில்லை. சிக்கல் வந்தது பிறகுதான், அதுவும் எங்கள் பசு மூலமாக.

பசுவுக்கு மடி வீங்கிவிட்டது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டு, "சில நாளைக்கு இந்தப் பால யாருக்கும் குடுக்காதீங்க, கீழ ஊத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை நான் பிரவுன் பம்பை எடுத்தபோது மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாட்டுக்கு மருந்து போட்டா பால கீழ ஊத்தச் சொல்றாங்க. நீ ரெண்டு வேளையும் மருந்த இழுத்துட்டு அந்தப் பாலத்தானே புள்ளைக்குக் குடுக்குற?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பேத்தி மேல் உயிர். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பிரவுன் பம்ப் அலமாரிக்கு மேலே போனது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, அது இல்லாமலே நல்லாத்தான் இருக்க" என்றார் மாமியார். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி சிரித்துக்கொண்டேன். அப்புறம் இருமல் வந்தது. தண்ணீர்க் குடத்தோடு படியேறினால் இளைத்தது. தாங்க முடியாதபோது நீலப் பம்பை இழுப்பேன், உடனே என் பாலைப் பீய்ச்சி வாய்க்காலில் ஊற்றுவேன். பிள்ளை பசியில் கத்தும். நானும் கூடவே அழுவேன்.

அன்று காலை ஒரே மழை. கதவை அடைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, மாமியார் சாம்பிராணி போட்டார். அந்தப் புகை என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. நீலப் பம்பை இழுத்தேன், மறுபடி மறுபடி இழுத்தேன். கொஞ்சமும் அடங்கவில்லை. பேச வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது என்று மாமியார் பிறகு சொன்னார்.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தார். எதிரே வருவது தெரியாத பனிமூட்டம், வளைவுக்கு வளைவு ஹாரன். மாமியார் மடியில் பிள்ளை வீறிட்டு அழுதது. "தாயி, கண்ண மூடாத, என்னையப் பாரு" என்று அவர் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். இவளை யார் வளர்க்கப் போகிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஆவி மருந்து கொடுக்க மாஸ்க்கைக் கொண்டு வந்தார்கள். நான் கையால் தள்ளிவிட்டேன்! மூச்சே இல்லாத நேரத்திலும் பாலில் மருந்து இறங்கிவிடும் என்றுதான் கவலை. மாமியார்தான் என் சார்பில் கெஞ்சினார்.

"பால் குடுக்குற தாய்ங்க மிஸ். மருந்து பால்ல எறங்கிடாதா?"

அங்கிருந்த தாதி எங்கள் தோட்டப் பக்கத்துத் தமிழ்ப் பெண். "மொதல்ல அவங்க மூச்சு விடட்டும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை அழுத்தி வைத்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போனது. டொக்டர் வந்தார். மாமியார் பசு கதையை ஒன்று விடாமல் சொல்ல, தாதி அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதைத் தாதி எங்களுக்குச் சொன்னார்.

"மாட்டுக்குப் போட்டது வேற மருந்து. இந்தப் பம்ப் மருந்து நேரா நெஞ்சுக்குப் போறது. பால்ல வந்தாலும் ரொம்ப ரொம்பக் கொஞ்சந்தான், புள்ளைக்கு ஒன்னும் பண்ணாது. பிரவுன் பம்ப நிப்பாட்டுனதாலதான் இப்ப இங்க வந்து கெடக்குறீங்க. இழுத்ததும் வாயக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க. டொக்டர்ட்ட கேக்காம இனிமே நிப்பாட்டாதீங்க."

அப்போதும் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. தாதி அதை வாங்கி, என் முகத்தில் மாஸ்க் இருக்கும்போதே என் மார்போடு சேர்த்தார். "குடுங்க, பயப்படாதீங்க."

மகள் குடித்தாள். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எனக்கு மாஸ்க்குக்குள்ளேயே கண்ணீர் ஓடியது.

அன்றிலிருந்து நான் பம்பை எடுத்தால் போதும், வாய் கொப்பளிக்கத் தண்ணீரோடு மாமியார் வந்து நிற்பார். எங்கள் லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், சாப்பிடும் மருந்தை நிறுத்துமுன் டொக்டரிடம் கேட்கச் சொல்லி விரட்டுவதும் அவர்தான். பசுவின் பாலைக் கீழே ஊற்ற வேண்டி வரும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது: பிள்ளைக்குச் சுத்தமான பால் கொடுக்க நினைத்து, பிள்ளைக்குத் தாயே இல்லாமல் செய்யப் பார்த்தேனே!