என் பேத்தி போடாத கணக்குகள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு. கொழுந்தன் போன பிறகு அவர் பிள்ளைகள் இரண்டு. ஆக, ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரும் சோடை போகவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்… சொல்லாமல் பின்னே?

வாராவாரம் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும், எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இரண்டாம் வகுப்போடு சரி. நான் சொல்லச் சொல்ல, பேத்தி டைப் அடிப்பாள். இந்த வாரம் அவள் கதையேதான். சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லு ஆச்சி. ஆனா எதையும் விடாம சொல்லணும்" என்றாள்.

பேத்தி பெயர் இசக்கி. எங்கள் குலதெய்வத்தின் பெயர். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் தெருவில் நின்று "ஏ இசக்கி" என்று குரல் கொடுத்தால் நான்கு வாசலில் தலை தெரியும். டெல்லியில் அப்படியா? லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தேடினாலும் இவள் ஒருத்திதான். இந்த ஊரிலேயே இவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரியில் ஆறாம் வகுப்புக்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுதினாள். ஹாஸ்டலோடு சேர்ந்த பெரிய பள்ளி. நாடு முழுக்கப் பிள்ளைகள் எழுதுகிற தேர்வு. உள்ளே இடம் கிடைத்துவிட்டால் பன்னிரண்டு வரை கவலை இல்லை. என் மகன் சுடலைமுத்து, சர்க்கார் ஆபீஸில் கிளார்க், ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான்.

தேர்வு அன்று காலை பனிமூட்டம். டெல்லிப் பனியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக் கேட்டில் பிள்ளையை விட்டோம். நாலு எட்டு வைத்தாள். அவ்வளவுதான்… ஆளைக் காணோம். ஒவ்வொரு பிள்ளையாகப் போய் அந்த வெள்ளைக்குள் கரைந்துகொண்டிருந்தது.

மத்தியானம் வாடிப்போன முகத்தோடு வந்தாள். "கணக்குல கடைசிப் பக்கம் பூரா விட்டுட்டேன். டைமே இல்ல."

"பரவால்லட்டி, மத்தது போட்டேல்லா" என்றான் மகன்.

ஆட்டோவில் வரும்போது என் காதில் மட்டும் இன்னொன்று சொன்னாள். "ஆச்சி, நான் பேனாவ கீழ வெச்சுட்டேன். அதுக்கு அப்புறமும் எனக்குப் பேனா சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு."

களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ரிசல்ட். மகன் போனைப் பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "தொண்ணூத்தேழு" என்றான்.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழா?" என்றேன்.

"மார்க் இல்லம்மா. பெர்சன்டைல்."

அது என்ன புதுப் பலகாரம்? கேட்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான். "எழுதுன பிள்ளைகள்ல நூறு பேர வரிசையா நிக்க வைக்கேன்னு வையி. இவளுக்குப் பின்னால தொண்ணூத்தேழு பேரு நிக்காங்க. அதான்."

வீடே சிரித்தது. பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

"அது நான் இல்ல" என்றாள்.

அன்று பிடித்தது அந்தத் திரும்பிப் பார்க்கிற பழக்கம். மெட்ரோ படியில் ஏறும்போது பார்ப்பாள். பால் பூத்தில் நிற்கும்போது பார்ப்பாள். தலை பின்னிவிட உட்காரச் சொன்னால் வரமாட்டாள். பின்னால் யாரும் நிற்கக் கூடாதாம். தானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு போனாள்.

மகன் கம்ப்யூட்டரில் அவள் விடைத்தாளின் படத்தை எடுத்துக் காட்டினான். கேள்விக்கு நான்கு வட்டம், சரியான வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். மேலே அச்சில் பெயர் இருந்தது, சரி. அப்பா பெயர், அதுவும் சரி. கடைசிப் பக்கத்துக் கணக்குகளுக்கும் வட்டம் விடாமல் கறுப்பாக்கியிருந்தது. வரியெல்லாம் மிளகு வைத்த மாதிரி.

"நான் இதத் தொடவே இல்லப்பா."

"பதட்டத்துல போட்டிருப்ப, மறந்திருப்ப" என்றான் மகன்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருநீற்றை எடுத்து வந்தாள். "நம்ம இசக்கித் தாய்தான் பிள்ள கைக்குள்ள எறங்கி எழுதிக் குடுத்திருக்கா." அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டுக் கோயிலில் பொங்கல் வைக்கச் சொல்லிவிட்டாள்.

நெற்றியில் திருநீற்றோடு பிள்ளை கேட்டாள்: "அம்மா, அவ எழுதுறப்போ நான் எங்க இருந்தேன்?"

எனக்குச் சாமியும் உண்டு, பயமும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றது, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கையைப் பார்க்கிற மாதிரி.

ஒன்று யோசித்துப் பாருங்கள். மார்க் குறைந்து வந்திருந்தால் என் மகன் சும்மா இருந்திருப்பானா? ஈமெயில் போடுவான், நேரில் போவான், ஒவ்வொரு விடைக்கும் கணக்குக் கேட்பான். கூடி வந்தால்… ஏன் கூடியது என்று எந்த வீட்டிலாவது கேட்டது உண்டா?

"ஏல, போய் என்னன்னு கேளு" என்றேன்.

"என்னன்னு கேக்க? எம் பிள்ளைக்கு மார்க் ஜாஸ்தியா வந்துட்டு, கொறச்சுக் குடுங்கன்னா? சிரிப்பாங்கம்மா."

சிரிக்கத்தான் செய்வார்கள். விட்டுவிட்டேன்.

சர்டிபிகேட் சரிபார்க்க வரச் சொன்ன நாளில் நானும் கூடப் போனேன். பெரிய ஹால். வரிசையாகப் பெஞ்சுகள். முன்னால் மேஜை போட்டு ஒரு கிளார்க். பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"இசக்கி சுடலைமுத்து. ஆகே ஆவோ." முன்னால் வா என்று.

பேத்தி எழுந்தாள்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு நகர்ந்தது.

பேத்தி திரும்பினாள். இந்தத் தடவை பின்னால் ஆள் இருந்தது. இவள் உயரம். இவளைப் போலவே ரெட்டைச் சடை, நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. அந்தப் பிள்ளையும் எழுந்து நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மகன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "தோ தோ ஹைன்?" இரண்டு பேரா என்று அவருக்கே சந்தேகம்.

அந்தப் பிள்ளையின் அம்மாதான் பேசினாள். ஊர் நாங்குநேரிப் பக்கம். வீட்டுக்காரர் ராணுவத்தில் டிரைவர், பெயர் சுடலைமுத்து. இப்போது லடாக்கில் டியூட்டி. மகள் பெயர் இசக்கி. பிள்ளை எல்லாக் கணக்கையும் போட்டதாம், ஆனால் விடைத்தாளில் கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். போனில் கேட்டால் பதில் இல்லை, அதனால் நேரில் வந்திருக்கிறாள்.

இரண்டு பிள்ளைகளும் பேசிக்கொண்டார்கள்.

"நீ அன்னிக்கு என் பின்னாடி உக்காந்திருந்தியா?" என்றாள் என் பேத்தி.

"ஆமா. உன் ரிப்பன் அவுந்து என் டெஸ்க்ல விழுந்துச்சு. நீ பாக்கவே இல்ல."

"கடைசிப் பக்கம் போட்டியா?"

"பூராத்தையும் போட்டேன். பெல் அடிக்கிற வரைக்கும் எழுதினேன்."

பேத்தி மூச்சை விட்டாள். எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்த மூச்சோ. பிறகு சிரித்தாள். "ஆச்சி, பேனா சத்தம் இவதான்!"

நடந்தது இவ்வளவுதான். பெயர் அச்சடித்த தாள்களை அன்றைக்கு ஒரு மேடம் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இசக்கி என்றதும் முன்னால் இருந்தவள் கை நீட்டி வாங்கியிருக்கிறாள். அடுத்தது பின்னால் இருந்தவளுக்கு. பெயரைப் பார்த்தார்கள், அப்பா பெயரைப் பார்த்தார்கள், இரண்டும் சரி. ரோல் நம்பரை யார் பார்த்தார்கள்? மேடமும் பார்க்கவில்லை. இவள் தாள் அவளிடமும், அவள் தாள் இவளிடமும் போய்விட்டது. இந்த ஊரில் மற்றவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு ஏது? ஃபாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாமல் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். குலதெய்வம் ஒன்று, பக்கத்துப் பக்கத்து ஊர். பிறகு பெயர் ஒன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்?

கிளார்க் நல்ல மனிதர். இரண்டு வீட்டுக்காரர்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்புகிறேன், ஒருத்தர் மட்டும் சொன்னால் நிற்காது என்றார்.

மகன் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். "எம்மா, பேசாம இரு. புகார் அவங்களுது, அவங்க பாத்துக்கிடட்டும். நாம எதுவும் தப்புப் பண்ணல."

"பண்ணலதான்."

"இத விட்டா இவளுக்கு வேற எடம் கெடையாது, தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ராணுவக்காரர் மனைவி சேலை முந்தியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மகன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான்.

நாங்கள் பேசி முடிப்பதற்குள் பேத்தி மேஜைக்குப் போய்விட்டாள். "அங்கிள், வோ மேரா நஹீ ஹை" என்றாள். அது என்னுடையது இல்லை என்று. அழவில்லை. கடையில் மாற்றிக் கொடுத்த செருப்பைத் திருப்பித் தருகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மகன் கையெழுத்துப் போட்டான். எழுத்துக் கோணிப்போனது.

ஏப்ரலில் திருத்தி வந்தது. பேத்திக்கு அறுபத்தொன்று. இடம் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது. மகன் சரியாகச் சாப்பிட வெகுநாள் ஆனது. மருமகள்தான் சட்டென்று தேறினாள். "வெச்ச பொங்கல் வெச்சதுதான். ஏதோ ஒரு இசக்கிக்குப் போய்ச் சேந்துட்டு" என்றாள்.

பேத்தி பழைய பள்ளிக்கூடத்துக்கே போகிறாள். அறுபத்தொரு பேர் பின்னால் நிற்பது அவளுக்கு உறுத்தவில்லை. எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள் போல நடக்கிறாள். காலையில் தலை பின்ன என் முன்னால் வந்து உட்காருகிறாள்.

எனக்குத்தான் இன்னும் முழுதாகப் போகவில்லை. "இசக்கி" என்று கூப்பிடுகிறேன். ஒருத்திதான் வருகிறாள். இருந்தாலும் அவளுக்குப் பின்னால் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைக்கு மார்க் குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். கூடினாலும் கேளுங்கள். "அது நான் இல்லை" என்று பிள்ளை சொன்னால், திருநீறு பூசுவதற்கு முன்னால் அதையும் கொஞ்சம் கேளுங்கள்.

போதும். இசக்கி, அடித்ததை ஒரு தரம் வாசித்துக் காட்டு, கேட்கிறேன். உன் மார்க் வருகிற இடத்தை முழுங்காதே… சத்தமாகவே வாசி.