மாலா போட்ட நாலு வரிக் கணக்கு

பிள்ளை அழுதால் பயப்படாதே, தாய் கணக்குப் போட ஆரம்பித்தால்தான் பயப்படு என்று எனக்கு முதலில் சொன்னது ஸ்டெல்லா அக்கா. என் இளைய மகளைக் கட்டிக்கொடுத்த வருஷம், ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் சொன்னார். போர்ட் பிளேர் லம்பா லைனில் எனக்கு முன்னால், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டவர் அவர். என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற உங்களுக்கு இது புதுசல்ல.

நாலு வரி

மாலா துணிக்கடையில் வேலை செய்பவள். புருஷனுக்கு வடக்கே மாயாபந்தரில் ரோடு வேலை. மாதம் ஒரு தடவைதான் வருவான். ஒன்றரை வயசு மகன் தருணை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்று ஒரு தாளைப் படித்தாள். க்ரெஷ் ஐயாயிரம், ஆனால் மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வீட்டோடு ஆள் வைத்தால் எட்டாயிரம், சாப்பாடு தனி. நான் நாலாயிரம். ராமநாதபுரத்தில் புருஷனின் அக்காவிடம் விட்டால் ஒன்றுமே இல்லை. அவள் சம்பளமே பன்னிரண்டாயிரம்தான்.

"மதினி முஃப்த், காசே வேண்டாம் ஆன்ட்டி. ஆனா மனசு வரல, அதான் உங்ககிட்ட வந்தேன்."

வாடகை ஏறிய மாதம்

ஆறு மாதம் பிள்ளை என்னிடம் நன்றாக இருந்தான். அப்புறம் வீட்டு வாடகை ஏறியது. ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த மதினி, ஊருக்குக் கப்பலேறும்போது தருணையும் கூட்டிப்போகிறேன் என்றாள். ஐநூறு குறைத்துக்கொள்கிறேன் என்று மாலாவிடம் சொன்னேன். ஆயிரம் என்று ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் ஜெபத்தில் உட்காரும்போது குத்துகிறது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டைகளை மடித்தாள்.

"ஐநூறு பத்தாது ஆன்ட்டி. சும்மா கிடைக்கிறதுக்கு முன்னாடி எல்லாமே ஜாஸ்திதான்."

ஆறு நாள்

தருண் மதினியோடு போன மூன்றாவது வாரம் ராமநாதபுரத்திலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வலிப்பு, ஆஸ்பத்திரி. அடுத்த கப்பலுக்கு ஆறு நாள். ஏறினாலும் சென்னைக்கு இன்னும் மூன்று நாள். அன்றைக்கு ஃப்ளைட் டிக்கெட் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. என் கையிலிருந்ததைக் கொடுத்தேன். மீதியைக் கடன் வாங்கிச் சேர்க்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. கடையில் லீவு கேட்கப் போனவளிடம் முதலாளி சொன்னது:

"போறதுன்னா போ. திரும்பி வந்து இங்க நிக்காதே."

திரும்பி வந்தபோது

ஒரு மாதம் கழித்துத் தருணைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. "தருண், தருண்" என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. அந்தக் காய்ச்சலில் காது போய்விட்டது என்றாள். பிள்ளையை விட்டுப்போ, ஒன்றும் தரவேண்டாம் என்றேன். சிரித்தாள்.

"இப்ப எனக்கு வேலை இல்ல ஆன்ட்டி. பிள்ளை பாக்குற செலவும் இல்ல."

அவள் போட்ட கூட்டலெல்லாம் சரி, நடுவில் இருக்கிற கடலை மட்டும் நாங்கள் யாரும் கூட்டவில்லை. போர்ட் பிளேரில் எந்தக் கடையிலாவது ஆள் கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.