செய்தவர் யார் என்று கேட்ட புஷ்பம்

புஷ்பம் இறந்த செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் நிலந்தி. எங்கள் குழுவில் சிங்கள வாக்கியங்களைப் பார்ப்பவர். காலை எட்டு மணி இருக்கும். வரக்காப்பொலவில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, முந்தின வாரம் புஷ்பம் கேட்டிருந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நிலந்திக்குத் தமிழ் ஓரளவு வரும். அன்று முதலில் வரவில்லை. "அய்யே, புஷ்பம் நெத்தி வுணா" என்றார். அண்ணா, புஷ்பம் இல்லாமல் போனார் என்று பொருள். சிங்களத்தில் சாவை அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, "இல்லாம போயிட்டாங்க அய்யே, காய்ச்சல்ல" என்று தமிழில் மறுபடியும் சொல்லி அழுதார். பாதி எழுதிய பதிலை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே சேமித்து வைத்தேன்.

உங்களில் பலர் அவரைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். எஹலியகொடைக்குப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். மாதா கோயில் படிக்கட்டில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் மடிக்கணினியோடு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பார். அங்கே என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. பல மொழி வாக்கியங்களைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இது எழுவாய், இது வினை, இது செயப்படுபொருள் என்று குறி இடுவதுதான் எங்கள் வேலை. எந்த மொழியானாலும் குறிகள் ஒரே முறையில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆய்வாளர்கள் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

எங்கள் முதல் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. இறப்பர் பால் நிறுக்கும் இடத்தில் பெண்கள் பேசியதை அவர் பதிவு செய்து எழுதி அனுப்பியிருந்தார். நான் அதையெல்லாம் எழுத்துத் தமிழுக்கு மாற்றித் திருத்திவிட்டேன். அன்று மாலையே தொலைபேசியில் வந்தார். "அண்ணே, நீங்களும் தோட்டத்து ஆள்தானே? எங்கம்மா பேசினதுல என்னங்க தப்பு? அவங்க சொன்னதுக்குக் குறி போடுங்க. அவங்க சொல்லாததுக்குப் போடாதீங்க." எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அந்தச் சண்டைக்குப் பிறகு பேசுகிறவர்களின் வாக்கியத்தை நான் திருத்தியதில்லை.

அவருடைய அண்ணன் அந்தோனி இறப்பர் ஃபக்டரியில் ரோலரில் வேலை செய்தவர். ஒருநாள் வலது கை போய்விட்டது. "மெஷின்ல கை மாட்டிக்கிச்சு" என்று விபத்துப் புத்தகத்தில் எழுதி, விசாரணையை முடித்துவிட்டார்கள். ரோலரின் மூடியை முதல் நாளே கழற்றி வைத்திருந்தார்கள். அது எழுதப்படவில்லை. இதைப் புஷ்பம் எங்களிடம் சொன்னது துக்கம் பகிர்வதற்காக அல்ல. வினைச்சொற்களுக்கு என்ன குறி போடுவது என்ற விவாதத்தின் நடுவே சொன்னார். "கை மாட்டிக்கிச்சுன்னா அங்க ஆளே இல்ல. கை நசுக்கப்பட்டதுன்னா ஆள் இருக்கான், பேரு சொல்லல. செஞ்சவன் இல்லங்கறது வேற, செஞ்சவன் யாருன்னு சொல்லலங்கறது வேற அண்ணே." சிங்களத்திலும் "அத்த அஹுவுணா" என்று இதே பொருளில் ஆளில்லாத வினை உண்டு என்று நிலந்தி சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த இரண்டு வகைக்கும் தனித்தனிக் குறி வைத்தார்கள். ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் புஷ்பம் அதை ஒன்றொன்றாகக் கையால் இட்டார்.

இந்த வருடம் எங்கள் திட்டத்தின் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மற்ற மொழிக் குழுக்கள் ஒரே குறிதான் வைத்திருக்கின்றன, நீங்களும் இரண்டையும் ஒன்றாக்குங்கள் என்றது. மறுப்பு இருந்தால் உதாரணங்களோடு எழுதலாம் என்று இரண்டு வாரம் தந்தார்கள். "ஒரே விஷயத்துக்கு ஒரே குறி போட்டா ஒழுங்கு. ரெண்டு விஷயத்துக்கு ஒரே குறி போட்டா சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் உதாரணம் திரட்ட உட்கார்ந்தார்.

அந்த வாரம்தான் பெருமழை. கான் என்கிற வடிகால் நிரம்பி லயத்து வாசலெல்லாம் முழங்கால் தண்ணீர். கோயில் படிக்கட்டுக்குப் போக அதில்தான் இறங்கி நடந்தார். காய்ச்சல் வந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்தார். "காலு ரெண்டும் வலிக்குதுண்ணே, ஆனா இன்னும் கொஞ்சந்தான் இருக்கு" என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த வாக்கியம் பாக்கி என்று கேட்டேன். தேங்கிய தண்ணீரில் தொற்றும் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் மேலிடத்தாரோடு இணையவழிக் கூட்டம். அவர் திரட்டியதை வைத்து நான் பேசினேன். அவர் பேசியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். நான் பாதியில் அவருடைய அண்ணனின் கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டேன். வருந்துகிறோம் என்றார்கள், இரண்டு குறியையும் ஒன்றாக்கினார்கள். புஷ்பம் வருடக்கணக்கில் இட்ட குறிகள் ஒரு கட்டளையில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறின. நிலந்தி கேமராவை அணைத்துவிட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். பூசை முடிந்ததும் அவருடைய அம்மா தெரேசம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, தோட்டத்து தொரைக்கு ஒரு கடுதாசி எழுதணுங்க. கான் அடைச்சிக்கிட்டு தண்ணி உள்ள வந்துருச்சு, அதுல எம்மக போயிட்டான்னு எழுதுங்க."

"கான் வெட்டச் சொல்லி யாராச்சும் கேட்டாங்களாம்மா?"

"அவதான் கேட்டா. மூணு தடவ ஆபிசுக்குப் போனா. ஆளில்லன்னு அனுப்பிட்டாங்க."

"அனுப்பினது யாரும்மா?"

தெரேசம்மா வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து, என் காதருகே ஒரு பெயரைச் சொன்னார். "அத எழுதிறாதீங்க தம்பி. அந்தோனி மகன் இன்னும் அங்கதான் வேல செய்யிறான். இந்த லயத்த விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்லங்க."

நான் எழுதவில்லை. கான் அடைத்துக்கொண்டது, தண்ணீர் வந்துவிட்டது என்று அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கடிதத்துக்கு இன்று வரை பதில் இல்லை.

குறிகளை மாற்றுவதற்கு முந்தின நாள் அந்தக் கோப்பை நான் பிரதி எடுத்து வைத்திருந்தேன். புஷ்பத்தின் குறிகள் அதில் அவர் இட்டபடியே இருக்கின்றன. தெரேசம்மா சொன்ன பெயரும் என்னிடம் இருக்கிறது. புஷ்பத்திடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த இரண்டும்தான். இரண்டையும் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.