பிடிச்சாச்சா?

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க விடுங்க. எனக்கு நடந்ததை அப்படியே சொல்றேன். நடந்தது பட்டப்பகல்ல. ராத்திரியில எதையோ பாத்து மிரண்டுட்டாள்னு யாரும் கதை கட்ட வேண்டாம்.

எங்க அத்தை ஸ்கூல் டீச்சர். கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பிறந்தவங்க. வருஷா வருஷம் பிள்ளைங்களை டூர் கூட்டிட்டுப் போவாங்க. யாரும் தொலைஞ்சிடக் கூடாதுன்னு ஒரு நீல நைலான் கயிறு வச்சிருந்தாங்க. நீளமா, முடிச்சு முடிச்சா இருக்கும். ஆளுக்கு ஒரு முடிச்சு. கடைசி முடிச்சு அத்தையோடது. "எல்லாரும் பிடிச்சாச்சா?"ன்னு கேப்பாங்க. "பிடிச்சாச்சு!"ன்னு கத்தணும். கத்திட்டா, அவங்க "விடலாம்"னு சொல்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. மூக்கு அரிச்சாலும் சரி! நானும் அவங்ககிட்டதான் படிச்சேன். அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை ஊர் பாத்திருக்கேன் தெரியுமா!

ரிட்டயர் ஆனப்புறம் தனியாவே சுத்தினாங்க. என் பொண்ணு அவங்களை "டூர் பாட்டி"ன்னுதான் கூப்பிடுவா. கடைசி வருஷம் படுத்த படுக்கை. "ஒரே ஒரு ட்ரிப் பாக்கி இருக்குடி. துணைக்கு வர்றியா?"ன்னு நான் பாக்கப் போகும்போதெல்லாம் கேப்பாங்க. "வர்றேன் அத்தை, முதல்ல எழுந்து உக்காருங்க"ன்னு சிரிப்பேன். பாவம், எழுந்திருக்கவே இல்ல.

அவங்க போன அடுத்த மாசம், வாடகை வீட்டைக் காலி பண்ணப் போனேன். நாலாவது மாடி. கூட என் பொண்ணு, அஞ்சு வயசு. கடைசியா ஒரு பெரிய பெட்டி, அந்தக் கயிறு. பெட்டி என் முகத்தையே மறைச்சுது. கயித்தோட ஒரு முடிச்சை நான் கைக்குள்ள வச்சுக்கிட்டேன். "பாப்பா, அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே வா"ன்னேன். லிஃப்ட்ல ஏறினேன். கயிறு இழுபட்டுச்சு. பாப்பா ஏறிட்டாள்னு நினைச்சேன். கதவு மூடிக்கிச்சு.

மணி மூணு பத்து.

லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்னுச்சு. லைட் போச்சு. கும்மிருட்டு. பெட்டியைப் போட்டுட்டு பட்டனையெல்லாம் அமுக்கினேன். ம்ஹூம். கதவைத் தட்டினேன், கத்தினேன். ஒருத்தருக்கும் கேக்கல.

"பாப்பா, பயப்படாதே. அம்மா இருக்கேன்."

மூச்சு விடுற சத்தம் மட்டும்... குழந்தை பயத்துல பேச்சு வராம நிக்கிறாளோன்னு நினைச்சேன். கையை நீட்டித் துழாவினேன். சில்லுன்னு சுவர். நாலு பக்கமும் சுவர்.

"எங்கடி இருக்கே?"

டக்... டக்...

கயிறு ரெண்டு தடவை இழுத்துச்சு.

அப்புறம், என் காதுகிட்ட...

"எல்லாரும் பிடிச்சாச்சா?"

குழந்தைக் குரல் இல்ல.

சின்ன வயசுப் பழக்கம். வாய் தானா சொல்லிடுச்சு.

"பிடிச்சாச்சு."

ஐயோ...

கதவு திறந்துச்சு. அதே நாலாவது மாடி. உள்ள நான் மட்டும்தான். என் பொண்ணு வெளியே நிக்கிறா. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கிட்டேன்.

"ஏன்டி ஏறல?"

"டூர் பாட்டி கயித்தை வாங்கிக்கிட்டாங்கம்மா. நீ வேணாம், அம்மா மட்டும் போதும்னாங்க."

கயித்தை வீட்டு ஓனர் கத்தியால அறுத்துத்தான் எடுத்தாரு. என் முடிச்சு மட்டும் வரல. வலது கை இன்னும் மூடினபடியே இருக்கு. எக்ஸ்ரே எடுத்தாச்சு. எலும்பு சரி, நரம்பு சரின்னு டாக்டர் சொல்றாரு. அத்தை "விடலாம்"னு சொன்னாத்தானே விரல் விரியும்?

நேத்திலிருந்து உள்ளங்கையில அந்த முடிச்சு லேசா இழுக்குது.