நம்பர் போட்ட பருந்து

அன்று சாமை அறுப்பில் அப்பா, அத்தை, மாமா, நான் என்று நாலு பேர் இருந்தோம். அம்மா இல்லை, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான் மட்டம் போட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் என்ற கர்வம் எனக்கு அப்போதே கொஞ்சம் அதிகம்.

பாதிக் கொல்லை அறுத்தபோது கதிருக்குள் ஒரு பருந்து கிடந்தது. சிறகில் காயம். "கொழம்புக்கு ஆவும்" என்று மாமா துண்டை விரித்தார். அது மல்லாந்து இரண்டு கால்களையும் நீட்டிச் சீறியது. ஒரு காலில் உலோக வளையம். அதில் நம்பரும் இங்கிலீஷ் எழுத்தும் இருப்பதாகச் சத்தமாகச் சொன்னேன்.

மாமாவின் கை நின்றுவிட்டது. எங்கள் மலையில் நம்பர் போட்டதெல்லாம் காட்டிலாகாவுடையது. கொல்லை ஓரத்துச் சந்தன மரத்துக்கும் நம்பர் உண்டு. நிழல் எங்களுக்கு, மரம் சர்க்காருக்கு, காணாமல் போனால் கேஸ் எங்கள் மேல்.

"பருந்துக்குமா நம்பர் போடுவானுங்க?" என்றார் மாமா.

"மரத்துக்குப் போட்டவன் இதுக்குப் போட மாட்டானா? அது செத்துச்சின்னா நீதான்யா ஜெயிலுக்குப் போவணும். நான் சோறு எடுத்தார மாட்டேன்" என்றாள் அத்தை.

பருந்தைச் சுற்றி நாலு கட்டில் போடும் அளவுக்குக் கதிரை விட்டுவிட்டு மீதியை அறுக்கச் சொன்னாள்.

"மழ வந்தா கொட்டிப்பூடுமே, அக்கா" என்றார் அப்பா.

"கொட்டட்டும்."

பயத்தில்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் விடிந்ததும் வெட்டுக்கிளிகளைப் பிடித்து முந்தானையில் முடிந்துவந்து பருந்தின் முன்னால் போட்டாளே, அதை எந்தப் பயத்தில் சேர்ப்பது? மூன்றாம் நாள் மழை வந்தது. கதிர் சாய்ந்து மணி சேற்றில் உதிர்ந்தது. அத்தை அரிவாளைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் அது எழும்பிச் சரிவைத் தாண்டிப் பறந்தபோது, "நல்லபடியா போய்ட்டு வா, சாமி" என்று கும்பிட்டாள்.

காட்டிலாகா கேட்டால் என்ன சொல்வது என்று மாமாவுக்குக் கவலை. வளையத்தைப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருந்ததை வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, அதிலிருந்த விலாசத்துக்கே கடிதம் போட்டார்.

பதில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வளையம் மாட்டியது அவர்கள்தானாம், குளிர்காலத்தைக் கழிக்கத்தான் அது இவ்வளவு தூரம் பறந்து வந்ததாம். அங்கே இந்தப் பருந்துகள் கோதுமைக் கொல்லையில் கூடு கட்டுமாம். அறுப்பு இயந்திரத்தில் குஞ்சுகள் சிக்கிச் செத்து, இனமே அருகி வருகிறதாம். கூட்டைச் சுற்றிக் கொஞ்சம் கதிரை விடுங்கள் என்று குடியானவர்களைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்களாம்.

"பொய் சார். சாயங்காலம் எங்க புல்லுக்காட்டுல எம்மாம் வந்து எறங்குது!" என்றேன்.

பல தேசங்களில் மிஞ்சியவையெல்லாம் ஓரிடத்தில் இறங்கினால் அப்படித்தான் நிறையத் தெரியும் என்பது எனக்கு அன்று புரியவில்லை.

யாரும் கெஞ்சாமலே அத்தை விட்டுக்கொடுத்தது மூன்று மரக்கால் சாமை.