பெயிண்டுக்கு அடியில் போன எண்

மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல எட்டேகாலுக்கு அம்பத்தூர் பட்டறையைத் திறந்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். இயந்திரங்களின் விவரங்களைப் பராமரிக்க எந்த மென்பொருள் வாங்குவது என்று அன்று மாலைக்குள் நான் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடித்தது, ஸ்டிக்கரை ஸ்கேன் செய்யும் வகை. மாதிரிக்கு ஒன்றை லேத் இயந்திரத்தில் ஒட்டினேன்.

லேத் ஓட்டுபவர் சிரித்தார். "இன்னா சார், ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிச்சா இது எங்க தெரியும்? போன வருசம் நம்பர் மறைஞ்சுபோயி, மிஷின் காணோம்னு என்னாண்டயே கேட்டீங்க. நான் அதுமேலதான் சாஞ்சுகினு நின்னேன்!"

அப்படிக் கேட்டது நான்தான். மன்னிப்புக் கேட்டேன். எண்ணைத் தட்டச்சு செய்தே தேடக்கூடிய இன்னொரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். எண் மட்டும் மறையாமல் இருந்தால், இனி யாரையும் அப்படிக் கேட்க வேண்டியிருக்காது.

மறுநாள் காலை முதல் வேலையாக, பெயிண்ட் அடித்தாலும் தெரியும்படி, அவருடைய லேத்தின் இரும்பிலேயே எண்ணை ஆழமாகப் பஞ்ச் அடித்துப் பதித்தோம்.